கடவும் இசைவும்: பாக்கு நீரிணைப் போக்குவரவு வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

பிறநாடு செல்ல விழைவோர், புறப்படுமுன்னரே அந்நாட்டு அரசிற்கு விண்ணப்பம் விடுத்து, வருகைக்குரிய இசைவைப் பெற்றுக்கொள்ளுதல் இன்று பல நாடுகளிலும் நிலவும் நடைமுறையாகும். நாடு காணச் செல்வோரும், திருத்தல வழிபாட்டிற்குச் செல்வோரும், ஏட்டுச்சுவடி தேடிச் செல்லும் ஆராய்ச்சியாளரும் இந்நடைமுறைக்கு விலக்காதல் அரிது. நமக்கு இது மிகப் பழகிவிட்டமையால், அரசு என்ற ஒன்று தோன்றிய நாள்தொட்டே இஃது இருந்துவந்ததாக எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் வரலாற்றோடு பொருந்துவதன்று. வாயிலில் நிறுத்தி வினவும் வழக்கம் தொன்மையானது. வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே தொலைநாட்டு அலுவலரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்னும் பொது விதியோ 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுறுத்தி, தமிழகத்திற்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட போக்குவரவில் அவ்வேறுபாடு விளைத்த மாற்றங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் உரைநடை வரலாற்றையும் பதிப்பு வரலாற்றையும் எழுதப் புகுவோர்க்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது என்பது இறுதியிற் காட்டப்படும்.

சொற்பொருள்

முதற்கண் சொற்களை நோக்குவாம். 'கடவு' என்பது வழி எனப் பொருள்படும் தமிழ்ச்சொல். ஒருவன் வழிக்கொள்ளுதற்கு அவனுடைய அரசு வழங்கும் ஏடு கடவுச்சீட்டு எனப் பெயர்பெற்றமை மிகப் பொருத்தமுடையது. 'விசா' என்பதோ இலத்தீன் மொழியில் 'காணுதல்' எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக உலக வழக்கிற்கு வந்தது. 'காணப்பெற்றது' என்பதே அதன் பொருள். ஓர் அலுவலர் ஏட்டை வாங்கிப் பார்த்தார் என்பதற்கு அடையாளமாக இடப்பட்ட குறிப்பே தொடக்கத்தில் அப்பெயர் பெற்றது. பின்னர், பார்த்ததற்கு அடையாளமான குறிப்பு, வருவதற்கு உரிமை தரும் இசைவாக வளர்ந்தது. சொல்லின் பொருளில் நிகழ்ந்த இவ்வளர்ச்சியே நாம் எடுத்துக்கொண்ட வரலாற்றின் சுருக்கம் எனலாம். கடவுச்சீட்டு தன் நாட்டார் தருவது. நுழைவிசைவு பிற நாட்டார் தருவது. இவ்விரண்டையும் வேறுவேறாக வைத்து நோக்குதல் வேண்டும்.

பண்டைச் சான்றுகள்

கௌடிலியரின் பொருள்நூல் இரண்டாம் அதிகரணத்தில் முத்திரை அலுவலர் ஒருவரைப் பற்றிய விதிகள் உள்ளன. ஒரு மாசகம் பெற்றுக்கொண்டு அவர் முத்திரை வழங்குவார். அம்முத்திரை உடையவரே நாட்டிற்குள் வரவும் வெளியேறவும் உரியர். முத்திரையின்றிச் செல்லும் உள்நாட்டானுக்கு 12 பணம் தண்டம். பொய்ம்முத்திரை உடையவனுக்கு அதனினும் மிகுந்த தண்டம். அயல்நாட்டானாயின் தண்டம் இன்னும் பெரிது. வழிச்செல்வோரின் முத்திரையை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு மேய்ச்சல் நிலக் கண்காணிப்பாளரைச் சார்ந்தது. இந்நூலின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலும், நூல் கூறுவது விதியேயன்றி நடந்த நடைமுறையின் பதிவு அன்று. ஆயினும், ஆள் போக்குவரவை அடையாளப் பொறியால் கட்டுப்படுத்தும் எண்ணம் பழங்கால இந்தியாவில் இருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

தமிழ்ச் சான்று இதனின் வேறுபட்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தாரின் செயலை விரித்துரைக்கின்றது. கடலினின்று நிலத்திற்கு ஏற்றப்படுவனவும், நிலத்தினின்று கடலிற்குப் பரப்பப்படுவனவும் ஆகிய பண்டங்கள் சோழரின் புலிப்பொறி பெறுகின்றன. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பொறி பெறுவன பண்டங்களே, மாந்தர் அல்லர். அப்பாட்டே பல்வேறு மொழி பேசும் புலம்பெயர் மக்கள் அந்நகரில் கலந்து இனிது வாழ்ந்தமையைச் சிறப்பாக எடுத்துரைக்கின்றது. சுங்கம் கடுமையாக இருந்த ஊரில் மக்கள் வருகை வரவேற்கப்பட்டது என்பதே அதனாற் பெறப்படும். புலவர் கூறாமையினாலேயே ஆட்களைப் பற்றிய விதி எதுவும் அங்கு இல்லை எனத் துணிதல் இயலாது எனினும், துறைமுகத்தின் பெருமையைக் கூற வந்த புலவர்க்கு அயலார் வருகை காவலுக்குரிய செய்தியாகத் தோன்றவில்லை என்பது உறுதி.

இவ்விரு சான்றுகளும் ஒரு வகையில் ஒன்றுபடுகின்றன. வினாவும் விடையும், பொறியும் தண்டமும் வழியிலோ துறையிலோ எல்லையிலோ நிகழ்கின்றன. சேர வேண்டிய நாட்டின் இசைவைப் புறப்படும் ஊரிலிருந்தே வேண்டிப் பெறும் முறை இவற்றிற் காணப்படவில்லை.

போர் தந்த ஏடு

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி கடவுச்சீட்டு முறை தளர்ந்த காலம். இருப்புப்பாதை பெருகிப் பயணிகள் மிகவே, எல்லைதோறும் ஏடுகளைப் பார்த்துக் குறிப்பிடுதல் இயலாததாயிற்று. பல அரசுகள் அதனைக் கைவிட்டன. உருசியப் பேரரசும் துருக்கியப் பேரரசும் கடவுச்சீட்டை வற்புறுத்தியமை அக்காலப் பயணிகளுக்குப் புதுமையாகத் தோன்றியது. 1914இல் மூண்ட போர் இந்நிலையை மாற்றியது. ஒற்றர் வருகையைத் தடுத்தற்பொருட்டுப் போர்க்கால ஏற்பாடாக வந்த கட்டுப்பாடுகள் போர் முடிந்த பின்னரும் நீங்கவில்லை. 1920ஆம் ஆண்டு பாரிசில் நாட்டுக் கூட்டமைப்பின் சார்பிற் கூடிய மாநாடு, 32 பக்கம் கொண்ட ஒரே வகையான கடவுச்சீட்டு வடிவத்தை நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கட்டுப்பாடுகள் காலப்போக்கில் நீங்கும் என்னும் நம்பிக்கை அன்று நிலவியது. ஆயின் அவ்வடிவமே நிலைபெற்றது. இந்தியாவில் நுழைவோர் கடவுச்சீட்டு உடையராதல் வேண்டும் என விதித்தற்கு வழிவகுத்த சட்டமும் அதே 1920இல் இயற்றப்பட்டதாகும்.

நீரிணையின் இரு வழிகள்

இனி, பாக்கு நீரிணைக்கு வருவாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நிருவாகம் உடையனவாயினும் ஒரே முடியின்கீழ் இருந்தன. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலமும், அடுத்த மாதத்தில் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் போக்குவரவும் தொடங்கின. 'போட் மெயில்' என மக்கள் அழைத்த தொடர்வண்டியில் எழும்பூரில் ஏறியவர், இடையே கப்பல் மாறிக் கொழும்பை அடைந்தார். பாதுகாப்பு மிகுந்த அப்போர்க்காலத்திற்குச் சில திங்கள் முன்னரே இவ்வழி திறக்கப்பட்டமை கருதத்தக்கது.

ஆயினும், இவ்வழி எல்லார்க்கும் ஒரு தன்மையதாய் இருக்கவில்லை. கற்றோரும் வணிகரும் சென்ற வழி ஒன்று; தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சென்ற வழி மற்றொன்று. தொழிலாளர் முதலில் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறை முகாமிலும், பின்னர் மண்டபம் முகாமிலும் நிறுத்தி வைக்கப்பட்டு, நோய் ஆய்வுக்கு உட்பட்ட பின்னரே கப்பலேறினர். மண்டபம் முகாம் இந்திய மண்ணில் இருந்தும், அதனை நடத்தியது இலங்கை அரசு. வருவாரைத் தன் கரையில் ஆராயாது, அவர் புறப்படும் கரையிலேயே ஆராயும் முறை இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. நுழைவிசைவின் கருவை இம்முகாமிற் காணலாம்.

தொழிலாளர் கையில் இருந்த அடையாளங்களும் கருதத்தக்கன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டக் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லை அவர்க்கு வழங்கப்பட்டது. அதனைக் காட்டியே அவர் தோட்டம்வரை சென்றனர். தோட்டத்தை அடைந்த பின்னர், ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றிற்கு மாற வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். தொழிலாளியின் பெயரில் நின்ற கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு எனப்பட்டது. ஆங்கில அரசின் ஆவணங்களிலும் அத்தமிழ்ச்சொல் அப்படியே இடம்பெற்றது. 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணி, துண்டு என்னும் சொற்கள் ஆங்கிலத்திற்குச் சென்ற வரலாறு சொல்லாராய்ச்சியாளர்க்கு இனிய பொருளாகத் தோன்றலாம். அச்சொற்களைச் சுமந்தவர்க்கு அவை கடன்சுமையின் பெயர்களாயிருந்தன. ஆகவே, கற்றோர் ஏடின்றிக் கடந்த கடலை ஏழையர் அடையாளப் பொறியுடனேயே கடந்தனர் என்பது தெளிவாம். எல்லார்க்கும் வந்த கட்டுப்பாடு முதலில் உழைப்பவர்மீதே வைக்கப்பட்டது.

1939 ஆகஸ்டு முதல் நாள்தொட்டு இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்லுதலைத் தடை செய்தது. இலங்கை 1948 பிப்ரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்வாண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் குடிமகன் யாவன் என வரையறுத்தது. 20ஆம் எண் சட்டம் குடிவரவு, குடியகல்வு பற்றியது. 1949 நவம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அதுமுதல், இலங்கைக் குடிமக்கள் அல்லாதார் கடவுச்சீட்டும் இசைவும் பெற்றே நுழைதற்குரியராயினர். தோட்டத்தில் வாழ்ந்து குடியுரிமை பெறாதவர், தமிழகத்திலுள்ள தம் ஊர்க்குச் சென்று மீள்வதற்கும் அரசின் இசைவை வேண்டி நிற்க நேர்ந்தது. நேற்றுவரை வழியாய் இருந்த நீரிணை அன்று எல்லையாயிற்று.

ஏடின்மையின் விளைவு

இம்மாற்றத்தின் கொடுமை வருங்காலப் பயணத்தோடு நில்லாது, கடந்த காலப் பயணத்தையும் தொட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி, விண்ணப்பிப்பவர் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும். மணமானவர்க்கு 7 ஆண்டு. ஏனையோர்க்கு 10 ஆண்டு. ஒரே முறையில் 12 திங்களுக்கு மேல் வெளியே தங்கியிருப்பின் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயின் நோய், தங்கையின் திருமணம், குலதெய்வக் கோயிற் கொடை எனப் பல காரணங்களால் ஊர்க்குச் சென்று திரும்பிய தொழிலாளி, எந்நாளிற் சென்றான், எந்நாளில் மீண்டான் என்பதற்கு எழுத்துச் சான்று காட்டும் நிலையில் இருந்தானல்லன். ஏடு கேளாத காலத்திற் செய்த பயணத்திற்கு ஏடு கேட்ட காலம் கணக்குக் கேட்டது.

ஏறத்தாழ 8 இலட்சம் மக்களின் பொருட்டு விண்ணப்பங்கள் விடுக்கப்பட்டன. அவருள் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே ஆவர். ஆவணச் சான்று போதாமை மறுப்பிற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. எஞ்சியோர் எந்நாட்டின் கடவுச்சீட்டிற்கும் உரிமையற்றவராய் நின்றனர். கடவுச்சீட்டு இல்லாதவர்க்கு நுழைவிசைவு குறித்தற்கும் இடமில்லை அன்றோ! 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாத்திரி - சிறிமாவோ உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. உடன்படிக்கை எழுந்த அவ்வாண்டு திசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தினின்று நடந்த கப்பற் போக்குவரவும் உள்நாட்டுப் போரால் 1980களில் நின்றது. நாடின்றி எஞ்சியோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டது. ஒரு விண்ணப்பத்தின் விடைக்கு மூன்று தலைமுறை காத்திருந்த குடும்பங்கள் உண்டு என்பதை இவ்வாண்டுகளே உணர்த்தும்.

இலக்கிய வரலாற்றிற்கு இதன் பயன்

இவ்வரலாறு தமிழாராய்ச்சியாளர்க்கு உணர்த்துவது யாது என வினவலாம். யாழ்ப்பாணத்து நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை நிறுவினார். சென்னையில் அச்சகம் நடத்தினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, தமிழகத்திலேயே பணியாற்றி, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மட்டக்களப்புப் பகுதியினரான விபுலாநந்த அடிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கினார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். அவருடைய யாழ்நூல் 1947இல் தமிழகத்தில் அரங்கேறியது. இம்மூவரையும் 'தமிழகத்திற்கு வந்த வெளிநாட்டறிஞர்' என வகைப்படுத்தும் வழக்கம் சில நூல்களிற் காணப்படுகின்றது. 1949க்குப் பிற்பட்ட எல்லையை அதற்கு முற்பட்ட வாழ்க்கையின்மீது ஏற்றிக் கூறும் வழு இஃதாம். சுவடி ஒன்று யாழ்ப்பாணத்தில் இருப்பதறிந்தால் அதனைத் தேடிச் செல்ல அவர்கட்கு எவருடைய இசைவும் வேண்டியிருக்கவில்லை. பதிப்புப் பணி அத்துணை விரைவாக இரு கரையிலும் பரவியமைக்கு இத்தடையின்மையும் ஒரு காரணமாகும்.

அதே வேளையில், அத்தடையின்மையைப் பொற்காலம் எனப் புகழ்ந்து நின்றுவிடுதலும் பொருந்தாது. நாவலர் கடந்த அதே கடலை அதே நூற்றாண்டிற் கடந்த தொழிலாளர் கூட்டத்தின் வரலாறும் உடன்வைத்து எழுதப்படல் வேண்டும்.

முடிவுரை

இலங்கை அரசு 2012இல் மின்வழிப் பயண இசைவு முறையைத் தொடங்கியது. இந்திய அரசு 2014 நவம்பரில் 43 நாட்டினர்க்கு அத்தகைய முறையைத் தொடங்கியது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. விண்ணப்பம் எளிதாயினும் அதன் இயல்பு மாறவில்லை. புறப்படுமுன் இசைவு கேட்டல் என்பதே அவ்வியல்பு. பண்டத்திற்கு இட்ட பொறி, தொழிலாளிக்கு இட்ட பொறியாகி, பின்னர்ப் பயணி ஒவ்வொருவர் ஏட்டிலும் இடும் பொறியாக வளர்ந்தது என்பதும், அவ்வளர்ச்சியில் ஏடில்லாதவரே மிகப் பெரிய இழப்பை ஏற்றனர் என்பதும் இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். மண்டபம் முகாமின் பதிவேடுகள், தோட்டப் பேரேடுகள், தொழிலாளர் ஊர்க்கு எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஆராயும் பணியை இளம் ஆராய்ச்சியாளர் மேற்கொள்வாராயின், நீரிணையின் இரு வழிகளும் ஒருங்கே விளங்கும்.