சிகிச்சைப் பிழையும் நீதியின் வாசலும்: இந்திய மருத்துவக் கவனக்குறைவுச் சட்டத்தின் வரலாறு

இந்தியாவில் மருத்துவக் கவனக்குறைவுச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் நீதிமன்றங்கள் வகுத்த கோட்பாடுகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. மருத்துவரின் கடமை எது, அதில் அவர் தவறினாரா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது, இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றம் அவ்வப்போது அளித்த விடைகளே அதில் முதலிடம் பெறுகின்றன. ஆயினும் அத்தீர்ப்புகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்ப்பவருக்கு, கோட்பாட்டில் நேர்ந்த மாற்றத்தைக் காட்டிலும், சாதாரண மனிதர் வழக்குத் தொடுக்கும் வழியில் நேர்ந்த மாற்றமே பாதிக்கப்பட்டோரின் நிலையைப் பெரிதும் திருத்தியது என்பதும், அந்த வழி இன்றும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் விளங்கும்.

இத்துறைக்கென இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. ஒருவர் தம் கடமையில் தவறியதால் மற்றவருக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு பெற்றுத் தரும் தீங்கியல் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழியே இங்கு வந்தது. மருத்துவக் கவனக்குறைவு அதன் ஒரு கிளையாகவே நெடுங்காலம் இருந்தது. வழக்குத் தொடுப்பவர் மூன்று செய்திகளை நிறுவ வேண்டும்: மருத்துவருக்கு நோயாளியிடம் கவனத்துடன் நடந்துகொள்ளும் கடமை இருந்தது, அக்கடமையிலிருந்து அவர் வழுவினார், அந்த வழுவலே தீங்குக்குக் காரணம். முதலாவது பெரும்பாலும் எளிதில் ஏற்கப்படும் என்பதால், வழக்குகளின் வெற்றி தோல்வி இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே தீர்மானிக்கப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கான அளவுகோல் 1957-இல் இங்கிலாந்தில் உருவாயிற்று. வட லண்டனில் இருந்த ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனையில், 1954-இல், ஜான் போலம் என்ற நோயாளிக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்காமலும், உடலைப் போதிய அளவு பிடித்துக்கொள்ளாமலும் மின்னதிர்வுச் சிகிச்சை அளிக்கப்பட்டதில் அவருடைய இடுப்பெலும்புக் குழிகள் முறிந்தன. தளர்த்தும் மருந்து தேவையா என்பதில் அக்கால மருத்துவர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவின. பொறுப்புணர்வுள்ள மருத்துவர்களின் ஒரு பிரிவினர் சரியென ஏற்கும் முறையைப் பின்பற்றியவர், வேறொரு பிரிவினர் அதை மறுக்கிறார்கள் என்பதனால் மட்டும் கவனக்குறைவுக்கு ஆளாகமாட்டார் என்று நீதிபதி மெக்நேர் ஜூரிகளுக்கு விளக்கினார். வழக்கு மருத்துவமனைக்குச் சாதகமாக முடிந்தது. போலம் சோதனை என்று பெயர்பெற்ற இந்த அளவுகோல், புதிய முறைகளை முயலும் மருத்துவருக்குப் பாதுகாப்பளித்தது என்பது உண்மை. அதே வேளையில், மருத்துவரின் செயலை மதிப்பிடும் பொறுப்பை மருத்துவர்களின் கையிலேயே அது பெரிதும் விட்டுவிட்டது.

விடுதலைக்குப் பின் இத்துறையில் உச்ச நீதிமன்றம் அளித்த தொடக்ககாலத் தீர்ப்புகளில் முதன்மையானது, 1968 மே மாதத்தில் லட்சுமண் பாலகிருஷ்ண ஜோஷி எதிர் திரிம்பக் பாபு கோட்போலே வழக்கில் வெளிவந்ததாகும். 1953 மே 6 அன்று ரத்னகிரி மாவட்டத்துப் பால்ஷேத் கடற்கரையில் இருபது வயது இளைஞர் ஒருவரின் தொடையெலும்பு முறிந்தது. உள்ளூர் மருத்துவர் மரப்பலகைகளை வைத்துக் கட்டி அனுப்ப, அவர் மே 9 அன்று புணேவில் இருந்த ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே மயக்க மருந்து கொடுக்காமலேயே, உதவியாளர்களைக் கொண்டு காலை இழுத்து எலும்பு பொருத்தப்பட்டு மாவுக்கட்டுப் போடப்பட்டது. அன்றிரவே அவர் இறந்தார். கொழுப்புத் துகள் இரத்தக் குழாயை அடைத்ததே காரணம் என்று மருத்துவர் தரப்பு வாதிட்டது. மயக்கமின்றி வலிந்து இழுத்ததால் ஏற்பட்ட அதிர்ச்சியே காரணம் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. ஒரு நோயாளியை ஏற்பதா என்று தீர்மானிப்பதிலும், எந்தச் சிகிச்சை அளிப்பது என்று தீர்மானிப்பதிலும், அச்சிகிச்சையை அளிப்பதிலும் ஆக மூன்று நிலைகளில் மருத்துவருக்குக் கவனக் கடமை உண்டு என்று இத்தீர்ப்பு வகுத்துரைத்தது, இன்றளவும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் பகுதியாக விளங்குகிறது. கோட்பாடு தெளிவாக இருந்தது. ஆனால் மகனை இழந்த பெற்றோருக்கு அது சொல்லப்படப் பதினைந்து ஆண்டுகள் ஆயின, கிடைத்த இழப்பீடோ 3,000 ரூபாய்.

அரசு மருத்துவமனையை எதிர்த்து நின்றவர்களின் காத்திருப்பு இதனினும் நெடியது. 1963 ஜூலையில் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் மகப்பேற்றை அடுத்துக் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துண்டுத் துணி ஒன்று விடுபட்டுப்போயிற்று. கடும் வலியும் காய்ச்சலும் கண்டபின் வயிறு மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் அது வெளிப்பட்டது. அதே மாதத்தில் அவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் வழங்க, உயர் நீதிமன்றம் அதை மறுக்க, 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தொகையை மீட்டுக்கொடுத்தது. பணியாளரின் தவறுக்கு அவரைப் பணியமர்த்தியவரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற பதிலிப் பொறுப்புக் கோட்பாட்டின்படி அரசே பதில் சொல்ல வேண்டும் என்றும், வயிற்றுக்குள் துணி கிடந்த இத்தகைய வழக்கில் நிகழ்வே தவறை எடுத்துரைப்பதால் எந்த மருத்துவர் அதை விட்டுவைத்தார் என்று குடும்பத்தினர் சுட்டிக்காட்டத் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது. தவறு எவருக்கும் விளங்கக்கூடியதாக இருந்தும், நீதி கிடைக்க முப்பத்துமூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன.

உரிமையியல் நீதிமன்றங்களில் இவ்வகை வழக்குகள் அரிதாகவே தொடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கோரும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. மேல்முறையீடுகளில் ஆண்டுகள் கரைந்தன. சிகிச்சைக் குறிப்புகள் எதிர்த்தரப்பின் கையிலேயே இருந்தன. சக மருத்துவருக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொல்ல மருத்துவர்கள் தயங்கினர். இந்நிலையில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் உருவாவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இந்நிலையை மாற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என மூன்று அடுக்குகளாக அமைந்த இந்த ஏற்பாட்டில் தொடக்கத்தில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றியே ஒருவர் தம் குறையை எழுதிக் கொடுத்து வாதாடலாம். சாட்சியங்களைச் சுருக்கமான முறையில் ஆராய்ந்து விரைவில் தீர்வு காண்பதே நோக்கம். சட்டத்தில் மருத்துவம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை. எனவே கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவர் நுகர்வோரா என்ற வழக்கு நாடெங்கும் எழுந்தது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1992-இல் தேசிய ஆணையம் ஆம் என்றது. சென்னை உயர் நீதிமன்றமோ 1994-இல், டாக்டர் சி.எஸ். சுப்பிரமணியன் எதிர் குமாரசாமி வழக்கில், நோயறிந்து சிகிச்சை அளிப்பது அச்சட்டம் கூறும் சேவை ஆகாது என்றும், நோயாளி நுகர்வோர் ஆகார் என்றும் தீர்ப்பளித்தது. ஒன்றுக்கொன்று முரணான இந்த முடிவுகள் அனைத்தும் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒன்றாகச் சென்றன.

இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா என்ற அவ்வழக்கில் நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ்.சி. அகர்வால், பி.எல். ஹன்சாரியா ஆகிய மூவரும் 1995 நவம்பர் 13 அன்று அளித்த தீர்ப்பே இத்துறையின் திருப்புமுனை. மருத்துவர்கள் ஏற்கெனவே மருத்துவக் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர்கள் என்ற வாதத்துக்கு, அந்நடவடிக்கை பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு எதையும் தருவதில்லை என்று நீதிமன்றம் விடையளித்தது. எசமானின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட ஊழியரின் பணிக்குச் சட்டம் அளித்த விலக்கு, தம் அறிவைக் கொண்டு தாமே முடிவெடுக்கும் மருத்துவரின் பணிக்குப் பொருந்தாது என்றது. மருத்துவ நுணுக்கங்களைச் சுருக்க விசாரணையில் ஆராய இயலாது என்ற வாதத்துக்கோ, தவறான உறுப்பை அகற்றுவது, ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை எழுதப்பட்ட சீட்டைப் பார்க்காமல் ஊசி போடுவது, மயக்கமூட்டும்போது தவறான வாயுவைச் செலுத்துவது, உடலுக்குள் பஞ்சை விட்டுவிடுவது போன்ற வழக்குகளில் சிக்கல் ஏதும் இல்லை என்றும், சிக்கலானவற்றை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்றும் கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முடிவு இவ்வாறு நீக்கப்பட்டது.

அதே தீர்ப்பு ஓர் எல்லைக்கோட்டையும் வரைந்தது. எல்லோரிடமும் கட்டணம் பெறும் மருத்துவமனைகள் சட்டத்துக்கு உட்பட்டவை. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பவை இரு வகையினர் பொருட்டும் உட்பட்டவை. காப்பீட்டு நிறுவனமோ முதலாளியோ செலவை ஏற்றாலும் நோயாளி நுகர்வோரே. ஆனால் எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை, அது அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், சட்டத்துக்கு வெளியே நிற்கும். பதிவுக்காகப் பெறும் சிறு தொகை இந்நிலையை மாற்றாது.

இத்தீர்ப்பை அடுத்தே மருத்துவக் கவனக்குறைவு வழக்கறிஞரின் தொழில் இந்தியாவில் வேரூன்றியது. இத்தொழிலில் வாதத்திறனைக் காட்டிலும் காகிதங்களைப் படிக்கும் பொறுமையே முதற்கருவி. கேஸ் ஷீட், செவிலியர் குறித்த நாடித்துடிப்பு, இரத்த அழுத்த அட்டவணை, மயக்க மருத்துவரின் குறிப்பு, ஆய்வுக்கூட முடிவுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை வரிசைப்படுத்தி, எந்த நேரத்தில் எந்த அறிகுறி தோன்றியது, எந்த நேரத்தில் யார் வந்து பார்த்தார் என்று ஒப்பிடும்போதே வழக்கின் வலிமை தெரியவரும். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் நடத்தை விதிமுறைகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பேண வேண்டும் என்றும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என்றும் விதித்தது, இப்பணிக்குப் பெருந்துணையாயிற்று. நுகர்வோர் தம் சார்பில் வாதாட வழக்கறிஞரல்லாத முகவரையும் அமர்த்தலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வழக்கறிஞர்களின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அமர்வு, சாந்தா தீர்ப்பையும் மறுஆய்வு செய்யப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் மூவர் அமர்வு அதற்குத் தேவையில்லை என்று கூறியதால் அத்தீர்ப்பு நிலைத்து நிற்கிறது.

குற்றவியல் சட்டத்தில் நீதிமன்றங்கள் வேறு போக்கைக் கடைப்பிடித்தன. அசட்டையால் மரணம் விளைவிப்பதைத் தண்டிக்கும் பிரிவு 304ஏ, 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1995-இல் லூதியானா மருத்துவமனை ஒன்றில் மூச்சுத்திணறிய முதியவருக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்ததில் அவர் இறந்ததை ஒட்டி எழுந்த ஜேக்கப் மேத்யூ வழக்கில், 2005 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் போலம் சோதனையை ஏற்றதோடு, மருத்துவரைக் குற்றவாளியாக்கக் கவனக்குறைவு மிகக் கொடியதாக இருக்க வேண்டும் என்றும், வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்கைத் தொடரக்கூடாது என்றும், வழக்கமான நடைமுறையாக மருத்துவர்களைக் கைது செய்யக்கூடாது என்றும் வரையறுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, இக்குற்றத்துக்கு மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கையில் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு என வரம்பிடுகிறது.

இழப்பீட்டுத் தொகைகளில் நேர்ந்த உயர்வு நுகர்வோர் ஆணையங்களின் வழியே வந்ததாகும். கொல்கத்தாவில் அளிக்கப்பட்ட தவறான மருந்தளவால் 1998-இல் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு, 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி ரூபாய் வழங்கியது. அவர் தாமே மருத்துவர் என்பதும், எதிர்த்தரப்பின் குறிப்புகளைப் படித்தறிய அவரால் இயன்றது என்பதும் கருதத்தக்கவை. தமிழ்நாட்டின் வழக்கு ஒன்றும் இங்கே முதன்மை பெறுகிறது. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996 ஆகஸ்டில் 29-ஆவது வாரத்திலேயே 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முறைகேடாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய்க்கு, பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்தால் சிகிச்சை உண்டு. அச்சோதனை செய்யப்படவும் இல்லை, அது தேவை என்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை; குழந்தை பார்வையை இழந்தது. தேசிய ஆணையம் 5 லட்சம் ரூபாய் வழங்கிய இவ்வழக்கில், வாழ்நாள் முழுவதற்குமான மருத்துவச் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கி, அதன் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசே செலுத்த ஆணையிட்டது.

போலம் சோதனை பிறந்த நாட்டிலேயே அதன் பிடி தளர்ந்துவிட்டது. மருத்துவ நிபுணர்களின் கருத்து தர்க்கத்துக்குப் பொருந்தாவிடின் நீதிமன்றம் அதை ஒதுக்கலாம் என்று 1997-இல் பொலிதோ வழக்கில் பிரபுக்கள் சபை கூறியது. ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துரைக்கும் கடமையில் அச்சோதனை செல்லாது என்று 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. இந்திய உச்ச நீதிமன்றம், ஆய்வுக்காக மட்டும் ஒப்புதல் அளித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையை அவருடைய தாயின் சம்மதத்தைப் பெற்று அகற்றியது தவறு என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்தபோதும், எவ்வளவு தகவல் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தைக் கொண்டே அளந்தது. போலம் சோதனையின் மீது எழுந்த விமர்சனங்களை 2019 ஜனவரியில், போபாலில் டெங்குவால் நேர்ந்த ஒரு மரணம் பற்றிய வழக்கில், அந்நீதிமன்றம் விரிவாக எடுத்துரைத்தது என்றாலும் அளவுகோல் முற்றாக மாற்றப்படவில்லை.

ஆக, 1968-இல் சொல்லப்பட்ட கடமையும் இன்று சொல்லப்படும் கடமையும் பெரிதும் ஒன்றே. 3,000 ரூபாய்க்கும் பல கோடி ரூபாய்க்கும் இடைப்பட்ட தொலைவை மக்கள் கடந்தது, செலவு குறைந்த ஒரு மன்றம் அவர்களுக்குக் கிடைத்ததனால்தான். இந்த உண்மையை ஏற்பவர், முற்றிலும் இலவசமான மருத்துவமனையை நாடும் ஏழை நோயாளி மட்டும் அம்மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதை நியாயமென்று ஏற்க இயலாது. அவுரங்காபாத் குடும்பம் காத்திருந்த அதே உரிமையியல் நீதிமன்றத்தையோ, எல்லாப் பிணக்குகளுக்கும் இடமளிக்காத ரிட் மனுவையோ அவர் நாட வேண்டியிருக்கிறது. இலவச மருத்துவமும் மக்கள் செலுத்தும் வரியால் நடப்பதே. எனவே கட்டணச் சீட்டு இருக்கிறதா என்று பாராமல், தவறான சிகிச்சையால் பாதிக்கப்பட்ட எவரும் அணுகக்கூடிய, கட்டணமற்ற இழப்பீட்டு மன்றத்தைச் சட்டத்தின் மூலம் அமைப்பது நாடாளுமன்றமும் மாநில அரசுகளும் இனியும் தள்ளிப்போடக் கூடாத கடமையாகும்.