பாதி உடை

பெல்லி டான்ஸ் என்றதும் நம் பிரக்ஞையில் எழுவது பெண்ணின் உடல். சினிமாவும் இரவு விடுதியும் படியவைத்த பிம்பம் அது. எகிப்தில் இதே ஆட்டத்தை ஆண்கள் தொழிலாகவே ஆடிவந்தது இன்று ஒரு வேடிக்கைத் தகவலாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. 1834இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி, கவாஸி எனப்பட்ட ஆட்டக்காரிகளைக் கெய்ரோவில் தடைசெய்து, தெற்கே எஸ்னா போன்ற ஊர்களுக்குத் துரத்தினார். காலியான இடத்தைக் கவல் எனப்பட்ட ஆண்கள் நிரப்பினார்கள் என்பது அது. இதன்படி ஆண் வெறும் பதிலி. பெண் திரும்பியதும் அவன் வேலை தீர்ந்தது.

1836இல் வெளியான எட்வர்ட் லேனின் நூல் இதற்கு ஒத்துவரவில்லை. எகிப்தியர்களின் பழக்கவழக்கங்களை உடனிருந்து எழுதியவர் அவர். கவல்களுக்கு அவர் தரும் காரணம் அரசாணை அல்ல. ஆட்டத்தில் தவறில்லை, பெண் அதைப் பலர்முன் ஆடுவதுதான் தவறு என்று தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டவர்களின் மனோபாவம். கவல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் சுன்னத்துக்கும் அவர்களை அழைத்தார்கள். நீண்ட கூந்தலைப் பின்னி, கண்ணுக்கு மையும் கைக்கு மருதாணியும் இட்டு, தெருவில் முகத்திரையோடு நடந்தார்கள். ஆனால் ஆடும்போது உடையில் பாதி ஆணுடையது, பாதி பெண்ணுடையது. பெண்ணென்று யாரும் நம்பிவிடக்கூடாது என்பதற்காகவே போல என்கிறார் லேன், முகச்சுளிப்போடு.

இந்தப் பாதி உடைதான் முக்கியம். பதிலிக்கு முழு வேஷம் தேவை. கவல் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. ஆடுவது ஆண் என்று தெரிந்தேதான் சபை பார்த்தது.

1850இல் ஃப்ளோபேர் கெய்ரோவில் ஹசன் அல் பில்பெய்ஸி என்ற கவலைப் பார்த்தார். உடல் அத்தனை ஆட, முகத்தில் சலனமே இல்லாதது அவரை ஈர்த்தது. அதே ஆண்டு எஸ்னாவில் அவர் பார்த்த குச்சுக் ஹானெம், 1978இல் எட்வர்ட் சயீத் எழுதியபின், கீழ்த்திசையைப் பற்றிய விவாதத்தில் நிலைபெற்றுவிட்டாள். அவளுடைய குரலும் நமக்குக் கிடைக்கவில்லை, பெயராவது தங்கிற்று. ஹசனுக்கு அந்த இடமும் வாய்க்கவில்லை.

இதைப் பொற்காலமாக்கவும் வேண்டியதில்லை. துருக்கியின் உஸ்மானிய அரசில் கொச்செக் எனப்பட்ட ஆட்டக்காரர்கள் சிறுவயதிலேயே குழுக்களில் பழக்கப்பட்டவர்கள். தாடி முளைத்தால் மவுசு போயிற்று. பார்த்தவர்களின் ரசனையில் அதிகாரமும் கலந்திருந்தது.

அழித்தது எது? 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் கெய்ரோ வீதி, இந்த ஆட்டத்தைப் பெண்ணுடலின் காட்சியாக மேற்குக்கு விற்றது. 1926இல் பதியா மசாப்னி கெய்ரோவில் தொடங்கிய கேளிக்கை அரங்கும், பின்னர் எகிப்திய சினிமாவும் அதே பிம்பத்தை ஊர்ஜிதம் செய்தன. 1959இல் மஹ்மூத் ரேதா நிறுவிய குழு ஆணை மீண்டும் மேடையேற்றியது. ஆனால் கையில் கம்போடு, துள்ளலோடு, கம்பீரமாக. புதிய தேசத்தின் ஆணுக்கு இடுப்பு அசைவு பொருந்தாது என்பது சொல்லாமலே முடிவாகியிருந்தது.

சொல் மட்டும் பிழைத்தது. எகிப்தியப் பேச்சு அரபியில் கவல் என்பது இன்று, ஆணை விரும்பும் ஆணை நோக்கி எறியப்படும் வசை. கல்யாண வீட்டார் கூலி கொடுத்து அழைத்துவந்த ஆட்டக்காரனின் தொழிற்பெயர் அது. இன்று கெய்ரோவிலும் இஸ்தான்புல்லிலும் இந்த ஆட்டத்தை ஆடும் ஆண்களைப் பெண்களின் கலைக்குள் புதிதாக நுழைந்தவர்களாக நடத்துகிறார்கள். அந்தக் கலையில் அவர்களுக்கு மூதாதையர் உண்டு என்பதற்கு, அவர்கள் மேல் விழும் வசையே சாட்சி.