ஈயத் தீர்வையும் ஈப்போ அஞ்சடியும்

நம் முன்னோர் கரையிறங்கிய பினாங்கு, 1786-இல் தொடங்கியபோதே தீர்வையில்லாத் துறைமுகம். பேராக்கின் கதை வேறு. 1874 பங்கோர் ஒப்பந்தத்துக்குப் பின் வந்த வெள்ளையர் நிர்வாகம், ஏற்றுமதியாகும் ஈயத்தின் மீதான தீர்வையையே பெரிதும் நம்பியிருந்தது. லம்பத்தில் வியர்வை சிந்தியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட ரயில்பாதையும் ஈயம் ஏற்றத்தான்.

1892-இல் ஈப்போவின் பாதியைத் தீ தின்றது. மீண்டும் கட்டும்போது தெருக்கள் நேர்கோட்டில் வகுக்கப்பட்டன. கடைக்கு முன் நடைவழி விட வேண்டும் என்பது 1822-இல் சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் வகுத்த விதி. மலாயா நகரங்களுக்கும் அது பரவியது. நாம் அதை அஞ்சடி என்போம். நடப்பவர்களுக்காக விட்ட அந்த இடத்தில்தான், முழுக் கடை எடுக்க முதலில்லாத நம்மவர் பலர் வெற்றிலை பாக்கு, சுருட்டு விற்றனர், நாணயம் மாற்றினர். அதிகாரிகளிடம் திட்டும் வாங்கியிருப்பார்கள்! அந்தக் காசுதான் ஊருக்கு மணியார்டராகவும் பள்ளிவாசலுக்குச் சந்தாவாகவும் போனது. பாடாங் அருகேயுள்ள இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் 1908 முதல் நிற்கிறது.

பெரிய முதலாளிகளின் பெயர் அரசாங்கப் பதிவேடுகளில் இருக்கும். அஞ்சடிக் கடைக்காரருக்கு லைசென்ஸ் துண்டும் வாடகைச் சீட்டுமே சாட்சி. அங்கத்தினர் வீட்டுப் பெட்டிகளில் அவை கிடந்தால், எறிந்துவிடாமல் சங்கத்தில் கொண்டுவந்து காட்டுங்கள்.