பழவேற்காட்டுக் கிளிஞ்சல் கோயில் சுவரான கதை

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் கடலை நெருங்கும் இடத்தில் கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்தக் காயலின் அடிச்சேற்றில் செத்த மட்டிகளின் ஓடுகள் படுகை படுகையாகப் படிந்திருக்கின்றன. அந்தக் கிளிஞ்சலின் கதை இது.

கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் விறகும் கரியும் சேர்த்து அடுக்கிச் சுட்டால், சுமார் 900 டிகிரி வெப்பத்தில் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது பொங்கிக் கொதித்து நீறும். சுவரில் பூசிய பிறகு நடப்பதுதான் எனக்குப் பேரதிசயம். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு, நாளாக நாளாக அது மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. தீயில் இழந்ததைக் காற்றிடம் திரும்ப வாங்கிச் சுவரிலேயே இறுகிவிடுகிறது.

இந்தப் பண்பை நம்பித்தான் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தூய மரியாள் ஆலயத்தைக் கட்டினார்கள். 1678 மார்ச் 25இல் வேலை தொடங்கி, 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை நடந்தது. சூயஸுக்குக் கிழக்கே இன்றும் நிற்கும் ஆங்கிலிக்கன் கோயில்களில் இதுவே மூத்தது. சுவர் நான்கடி கனம். வளைகூரை இரண்டடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகக் கூரையில் மரமே சேர்க்கவில்லை.

அடுத்த நூற்றாண்டுகளில் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்ற பெயர் கடல் கடந்தது. முதல் பூச்சில் சுண்ணாம்பு, மணல், வெல்லத் தண்ணீர். அதன்மேல் இன்னும் நைசாக இரண்டாவது. கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்ப்பார்கள். ஈரம் காயும்முன் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். பளபளப்பு முழுக்க அந்தக் கைகள் தந்தது. 1816இல் பிரதிஷ்டையான தூய ஜார்ஜ் பேராலயத்தின் தூண்கள் இப்படித்தான் மெருகேறின. அங்கே பிஷப் ஹீபருக்குச் சான்ட்ரி செதுக்கிய பளிங்குச் சிலை இருக்கிறது. அந்தப் பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கொத்தனார்கள் கையால் பளிங்கையே செய்து காட்டினார்கள் என்று நான் துணிந்து சொல்வேன்.

ஏரியிலிருந்து நகரத்துக்கு வழி தண்ணீர். 1806இல் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் பிறகு பழவேற்காட்டையும் தாண்டி வடக்கே நீண்டு பக்கிங்காம் கால்வாயானது. ஶ்ரீஹரிகோட்டா விறகோடும் உப்போடும் கிளிஞ்சலும் படகேறியது.

பிறகு சிமென்ட் வந்தது. 1904இல் சென்னையில் ஒரு நிறுவனம் கடற்கிளிஞ்சலைக் கொண்டே சிமென்ட் தயாரிக்கப் பார்த்தது. இந்தியாவின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்றான அது நிலைக்கவில்லை. மலைச் சுண்ணாம்புக்கல் அந்த இடத்தைப் பிடித்தது, காளவாய்கள் அணையத் தொடங்கின.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது பழைய ஆங்கிலிக்கன் கோயில்கள் அதன் பொறுப்புக்கு வந்தன. கிராமங்களில் இன்றும் சுண்ணாம்புச் சுவரோடு நிற்கும் கோயில்கள் உண்டு. அங்கே பூச்சு உதிர்ந்தால் உடனே சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமென்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லை அரித்துவிடும்.

குருசேகரக் கமிட்டியில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பண்டிகைக்கு வெள்ளையடிக்கத் தீர்மானம் போடும்முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைத் தேடிப்பிடித்துச் சுவரைக் காட்டுங்கள்.