அமைதிக் கண்

அமைதிக் கண் என்பது, குறிபார்த்துச் செய்யும் ஒரு செயலின் இறுதி அசைவு தொடங்குவதற்குச் சற்று முன்னர், பார்வை ஒரே இடத்தில் நிலைகொள்ளும் கால அளவைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது குவைட் ஐ எனப்படுகிறது. கூடைப்பந்தாட்டம், கோல்ஃப், துப்பாக்கி சுடுதல் போன்ற விளையாட்டுகளில் தேர்ந்தவர்களையும் ஏனையோரையும் வேறுபடுத்தும் கூறுகளுள் இதுவும் ஒன்று. பயிற்சியினால் இதனை வளர்க்க முடியும்.

வரைவிலக்கணம்

விழித்திரையின் மையத்திலுள்ள சிறு பகுதி மட்டுமே கூர்மையான காட்சியைத் தரவல்லது. எனவே கண் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவும் வேளையில் தெளிவான காட்சி கிடைப்பதில்லை. பார்வை 3 பாகைக் கோணத்துக்குள் குறைந்தது 100 மில்லிவினாடி நிலைத்திருந்தால் மட்டுமே அது அமைதிக் கண்ணாகக் கொள்ளப்படும். கையை நீட்டிப் பிடிக்கும்போது இரு விரல்களின் அகலம் ஏறத்தாழ 3 பாகையாகும்.

வரலாறு

இக்கருத்தை உருவாக்கியவர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் ஆவார். கூடைப்பந்தாட்ட வீராங்கனைகள் ஃப்ரீ த்ரோ எறியும்போது அவர்களது கண்ணசைவுகளைப் பதிவு செய்து, 1996 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். சிறந்த வீராங்கனைகள் வளையத்தின் ஓரிடத்தில் முன்கூட்டியே பார்வையைப் பதித்து, ஏறத்தாழ ஒரு வினாடி நிலைநிறுத்தினர். அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தோரிடம் இது அரை வினாடிக்கும் குறைவாக இருந்தது. பந்து கண்முன் உயர்ந்து வளையத்தை மறைக்கும்போது, சிறந்தவர்கள் இலக்கைத் தொடர்ந்து பார்க்க முயலவில்லை.

விளையாட்டுகளில் வேறுபாடு

பார்வையைப் பதிக்கவேண்டிய இடம் விளையாட்டுக்கு ஏற்ப மாறும்.

கூடைப்பந்தாட்டம்: வளையத்தின் ஒரு புள்ளி.

கோல்ஃப்: குழியை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டும்போது, பந்தின் பின்புறம். பந்து நகர்ந்த பின்னரும், அது இருந்த இடத்தில் பார்வை சற்று நேரம் தங்கவேண்டும்.

பறக்கும் தட்டைச் சுடுதல்: இலக்கே நகர்வதால், அதனை விரைவில் கண்டு சீராகப் பின்தொடரவேண்டும்.

பயிற்சி முறை

கற்பவரின் கண்ணசைவுப் பதிவு, தேர்ந்த ஒருவரின் பதிவுடன் ஒப்பிட்டுக் காட்டப்படுகிறது. பின்னர் ஒரே ஒழுங்கில் செயற்படப் பழக்கப்படுகிறது. ஃப்ரீ த்ரோவில், தலையை நிமிர்த்தி வளையத்தை நோக்குதல், ஒரு புள்ளியில் ஏறத்தாழ ஒரு வினாடி பார்வையை நிறுத்துதல், பின்னர் தயங்காமல் எறிதல் என்பன அதன் படிகள். நெடுநேரம் உற்றுப் பார்ப்பது இப்பயிற்சியின் நோக்கமன்று. உரிய இடத்தில் உரிய நேரத்தில் பார்வை நிலைகொள்வதே முதன்மையானது.

2001 இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வாறு பயின்ற கூடைப்பந்தாட்ட அணியின் ஃப்ரீ த்ரோ வெற்றி விகிதம் இரண்டு பருவங்களில் கணிசமாக உயர்ந்தது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் 22 தேர்ந்த கோல்ஃப் வீரர்களைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். போட்டி அழுத்தத்தில் பயிற்சி பெறாதோரின் அமைதிக் கண் குறுகியது. பெற்றோரிடம் அது நிலைத்தது. அறுவைச் சிகிச்சையில் முடிச்சிடுவதற்கும் இம்முறை சோதிக்கப்பட்டுள்ளது.

விளக்கங்களும் ஐயங்களும்

இறுதி அசைவின் திசையையும் விசையையும் மூளை வகுத்துக்கொள்ள இவ்விடைவெளி உதவுகிறது என்பது ஒரு விளக்கம். பதற்றத்தால் சிதறும் கவனத்தை இது இலக்கில் நிறுத்துகிறது என்பது மற்றொன்று. செய்யக்கூடிய வேறு அசைவுகளை அடக்கி, ஒன்றை மட்டும் தெரிவு செய்ய இது துணைபுரிகிறது என சுவிட்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நீண்ட பார்வை திறமைக்குக் காரணமா, திறமையின் விளைவா என்ற வினா இன்னும் முழுமையாகத் தீரவில்லை. தேர்ந்தவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிடுவதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. பயிற்சி ஆய்வுகள் காரணத்தை நோக்கிச் சுட்டுகின்றன. எனினும், அப்பயிற்சிகளில் ஒழுங்கான ஆயத்தமும் கலந்திருப்பதால், முன்னேற்றத்தில் பார்வையின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே பிரித்தறிவது கடினமாகும்.