ஸூர் மரக்கலங்களும் ஹேக் தீர்ப்பும்

அடிமை வணிகத்தை ஒழிக்கும் பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை அரபிக் கடலில் பாய்மரக் கலங்களை மறித்துச் சோதித்தது. பிடிபட்டவை மீதான வழக்குகள் ஏடன், ஸான்ஸிபார் கடல்சார் நீதிமன்றங்களில் நடைபெற்றன. பறிமுதல் உறுதியானால் பிடித்தவர்களுக்கு வெகுமதி உண்டு. விசாரணைக்கு முன்பே நடுக்கடலில் எரிக்கப்பட்ட கலங்களும் பல.

இதனால் ஓமானின் ஸூர் துறைமுகத்துக் கலவுடைமையாளர் சிலர் பிரான்சின் கொடியையும் பத்திரங்களையும் பெற்றனர். அக்கொடியின் நிழலில் அடிமைகளை ஏற்றிச் சென்றோரும் இருந்தனர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், மஸ்கட் சுல்தானின் குடிகளுக்கு அந்நியக் கொடி வழங்கும் உரிமை பிரான்சுக்கு உண்டா என்று பிரிட்டன் வினவியது.

வழக்கு ஹேக் நடுவர் மன்றத்தை அடைந்தது. வழக்காடியவை பிரிட்டனும் பிரான்சும் மட்டுமே. சுல்தான் பைஸல் பின் துர்க்கி அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. ஸூர் நாகுதாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1905 ஆகஸ்ட் 8இல் தீர்ப்பு வந்தது. அடிமை வணிகத்திற்கு எதிரான பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையைப் பிரான்சு உறுதிசெய்த நாளாகிய 1892 ஜனவரி 2க்கு முன் வழங்கப்பட்ட கொடிகள் செல்லும். அதன் பின்னரோ, 1863க்கு முன்பே பிரான்சின் பாதுகாப்பில் இருந்தோருக்கன்றி வேறெவருக்கும் கொடி வழங்கலாகாது. பழைய அனுமதியும் கைமாறத் தக்கதன்று. கலம் உளுத்துப்போய் அதே உடைமையாளர் புதுக்கலம் கட்டினாலும், அதற்கு அந்தக் கொடி இல்லை.