பெரம்பூர் ரயில்வேயும் சோற்றுத் தட்டும்

உடல் இளைக்க வழி சொல்வோருக்கு நம்மிடையே என்றும் பஞ்சமில்லை. காலையில் கொள்ளுக் கஞ்சி, மாலையில் வெந்நீர், நடுவே புதுப்பெயர் தாங்கிய ஓர் உணவுமுறை. இவற்றின் வரலாற்றைத் தேடப் புகுந்த நாம் பெரம்பூரில் வந்து நின்றது சற்று வியப்பானதே.

பெரம்பூர் ரயில்வேயால் வளர்ந்த ஊர். பழைய பணிமனைகளோடு 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது. அருகிலேயே பின்னி ஆலை. சங்கொலி கேட்டு எழுந்து, நடந்தோ மிதிவண்டி மிதித்தோ வேலைக்குச் சென்று, நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவருக்குத் தனியே தேகப்பயிற்சி எதற்கு என்றுதான் எவரும் எண்ணியிருப்பர்.

ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரை நாடெங்கும் ரயில்வே ஊழியரிடையே நேர்ந்த இதயநோய் மரணங்களைத் தொகுத்து, 1967இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். தென்னிந்திய ஊழியரிடையே அந்நோய் பஞ்சாபியரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு மிகுதி! நெய்யும் பாலும் பன்மடங்கு உண்டவர்களோ வடக்கத்தியர். கொழுப்பின் வகையையும் மென்று உண்ணும் பழக்கத்தையும் அவர் காரணமாகக் காட்டினார். ரொட்டியை மென்றே தீரவேண்டும், ரசஞ்சோற்றை விழுங்கிவிடலாம். இவ்விளக்கம் முழுதும் நிலைபெற்றுவிட்டதென்று சொல்ல நாம் துணியோம். கேள்வி மட்டும் வலுவானது.

அதே 1967இல்தான் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்தவருக்கு வெள்ளைச் சோறு வெறும் உணவன்று, மரியாதை. இன்று கூழைச் சிறுதானியமென்று பெயர் மாற்றிக் கூடுதல் விலைக்கு விற்போர் அந்தப் பசியை எள்ளி நகையாடத் தகுதியற்றவர்.

1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவையைச் செய்தார். ரயில்வே ஊழியரின் இதயம் குறித்த கேள்விக்கு ரயில்வே மருத்துவமனையே கத்தியெடுத்ததை வெறும் தற்செயல் என்று கடந்துபோக மனம் வரவில்லை.

கத்தியில்லாத வழி ராயபுரத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியவர். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை கண்டவர். நீரிழிவுக்காரர் சோற்றை அறவே தொடலாகாது என்னும் மேனாட்டு விதியை அவர் அப்படியே ஏற்கவில்லை. மாவுச்சத்து இருக்கட்டும், அதனோடு பருப்பும் கீரையும் காய்கறியும் நார்ச்சத்தாகச் சேரட்டும் என்பது அவர் வகுத்த உணவுமுறையின் சாரம். அரிசியையே உயிராய்க் கொண்ட மக்களிடம் செல்லக்கூடிய மருத்துவம் அதுவே என்பது எம் எண்ணம்.

அவ்வழிவந்த டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் அரைமணி விரைநடை, குறைத்த சர்க்கரையும் எண்ணெயும், கூட்டிய நார்ச்சத்து என்றிருந்தோரில் அது 39 விழுக்காடு. இதில் வேடிக்கை என்னவெனில், அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவேயில்லை! எடைக்கருவியின் முள் அசையவில்லையே என்று பத்தாம் நாள் நடையை நிறுத்தும் நண்பர்கள் இதை இருமுறை படிக்க வேண்டுகிறோம். நம்மவர்க்குப் பருமனாகத் தோன்றாத உடலிலும் ஆபத்துண்டு. ஆசியருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை தேவையென்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது.

நடக்க வெளியே இடமில்லையா? தண்டாலும் பஸ்கியும் ஒற்றை அறைக் குடித்தனங்களுக்கும் பொருந்துபவையே. ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. உடலுழைப்பு வேலை செய்வோருக்கும், ஏற்கெனவே அன்றாடம் அரைமணிக்குமேல் நடப்போர், மிதிவண்டி மிதிப்போருக்கும் புதிய பயிற்சி எதுவும் விதிக்கப்படவில்லை; செய்வதையே தொடருங்கள் என்றனர். மாற்றச் சொன்னது தட்டை மட்டுமே. ஆலைச் சங்குக்கு எழுந்தோடிய பழைய பெரம்பூர்த் தொழிலாளியிடமும் அதையேதான் சொல்லியிருப்பர்.